விசாரணைக்கு முன்னே கைதட்டல்

‘உன்னைப்போல் ஒருவன்’ திரைப்படம் 2009 செப்டம்பரில் வெளிவந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அது தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சேலத்திலும் நாமக்கல்லிலும் நம் மஹல்லாக்களின் வீடுகளிலும் ஓடுகிறது. படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்று உலமாக்களிடையே உள்ள விவாதத்தை நாம் இங்கே எடுக்கப் போவதில்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள்; பார்த்து முடித்தபின் ஒரு கருத்தோடு எழுந்து வருகிறார்கள். அந்தக் கருத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

கதையை அறியாதோருக்காகச் சில வரிகள். பெயர் சொல்லாத ஒருவர், பாதி எழும்பிய உயரமான கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் அமர்ந்துகொண்டு சென்னை மாநகரக் காவல் ஆணையருக்குத் தொலைபேசுகிறார். நகரில் பல இடங்களில் குண்டுகள் வைத்திருப்பதாகவும், காவலில் இருக்கும் பயங்கரவாதிகள் நால்வரைத் தாம் சொல்லும் இடத்திற்குக் கொண்டுவராவிட்டால் அவை வெடிக்கும் என்றும் மிரட்டுகிறார். அவரும் அவர்களின் கூட்டாளியே எனக் காவல்துறை எண்ணுகிறது. நால்வரும் கொண்டுவரப்பட்டபின் மூவர் குண்டு வெடித்து மடிகின்றனர். எஞ்சிய ஒருவரைக் காவல்துறையே சுட்டுக் கொல்ல வேண்டும் என்கிறார் அவர், அதுவும் நடந்தேறுகிறது. பிறகுதான் நமக்குத் தெரிகிறது, அவர் காய்கறிப் பையோடு வீடு திரும்பும் ஒரு சாமானியக் குடும்பத் தலைவர் என்பது. நீதிமன்றத்தின் தாமதத்தைப் பொறுக்காமல் தண்டனையைத் தாமே நிறைவேற்றியவர். ஆணையர் அவரைக் கண்டுபிடித்தும் கைது செய்யாமல் விட்டுவிடுகிறார். கொட்டகை கைதட்டுகிறது.

நம்மவர் பலர் இப்படத்தின்மீது வைக்கும் குறை, முஸ்லிம்களைப் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறது என்பது. அக்குறையை நாம் முற்றும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கான மறுமொழியைப் படமே ஓரளவு தயாராக வைத்திருக்கிறது. நால்வரில் ஒருவர் முஸ்லிம் அல்லர். பணத்துக்காக வெடிபொருள் விற்பவர். பயங்கரவாதிகளைப் பிடிக்கும் அதிகாரிகளில் ஆரிஃப் என்றொரு முஸ்லிமும் உண்டு. ஆகவே சமுதாயத்தின் மானம் குறித்து மட்டும் பேசினால், ‘சமன் செய்துவிட்டோமே’ என்று அவர்கள் சொல்லிவிடலாம். நமக்கு உறுத்துவது வேறு. அந்த நால்வரும் உன்னைப்போல், என்னைப்போல் எவராக இருந்திருந்தாலும், விசாரணை வேண்டாம் என்பதைக் கேட்டுக் கைதட்ட ஒரு தலைமுறையைப் பழக்குகிறது இப்படம். நாம் அஞ்சுவது அதற்குத்தான்.

அந்தச் சாமானியரின் கோபம் பொய்யானது என்று நாம் சொல்லவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து 58 உயிர்கள் போயின. இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இங்கிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கும் ஊர் அது. கடைவீதிக்குப் போனவர்களும் மருத்துவமனை வாசலில் நின்றவர்களும் இறந்தார்கள். அந்தச் செயலுக்கு மார்க்கத்தில் இடமில்லை என்பதை எந்த ‘ஆனால்’ என்ற சொல்லும் சேர்க்காமல் நாம் சொல்லியாக வேண்டும். அநியாயமாக ஓர் உயிரைக் கொன்றவன் மனிதகுலம் முழுவதையும் கொன்றவனைப் போன்றவன் என்ற கருத்தை அல்மாயிதா அத்தியாயத்தில் ஓதிக் கொடுக்கும் நமக்கு இதில் தடுமாற்றம் இருக்கலாகாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், வழக்கு எட்டு ஆண்டு, ஒன்பது ஆண்டு என இழுக்கும்போது கொதிப்பது இயல்பே.

அந்தக் கொதிப்பைப் படம் என்ன செய்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. திரையில் தோன்றும் நால்வரும் குற்றவாளிகள் என்பதில் நமக்கு ஐயம் எழ வழியே இல்லை. அவர்களே தம் வாயால் சொல்கிறார்கள். இயக்குநர் அதை உறுதி செய்கிறார். மனத்திலுள்ளதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. கொட்டகையிலோ இரண்டு மணி நேரத்திற்கு அந்த அறிவு பார்வையாளருக்குக் கடன் கொடுக்கப்படுகிறது. எல்லாம் தெரிந்த இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு விசாரணை வீண் செலவாகத்தான் தோன்றும். கொட்டகையை விட்டு வெளியே வந்தபின் அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டும் என்பதைப் படம் சொல்வதில்லை. வெளியே இயக்குநர் இல்லை. ஒரு காவல் அதிகாரியும், ஒரு குற்றப்பத்திரிகையும், காவலில் வைத்து வாங்கிய ஒரு வாக்குமூலமுமே இருக்கின்றன.

இது வெறும் வாதம் அன்று என்பதற்கு இப்படத்தின் மூலத்தோடே தொடர்புள்ள ஒரு வழக்கு சான்றாக இருக்கிறது. தமிழ்ப் படம், 2008இல் நீரஜ் பாண்டே இந்தியில் எடுத்த ‘எ வெட்னஸ்டே’யின் மறுவடிவம். அந்த இந்திப் படத்தின் சாமானியர், 2006 ஜூலை 11 மாலை மும்பை மின்தொடர் வண்டிகளில் வெடித்த குண்டுகளை நினைத்துக் குமுறுபவர். சில நிமிட இடைவெளியில் ஏழு வெடிப்புகள். 180க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வழக்கில் 13 பேர்மீது விசாரணை நடந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒன்பது ஆண்டுச் சிறைக்குப்பின் 2015இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். மற்ற 12 பேரும் குற்றவாளிகள் எனச் சிறப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள். 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த 12 பேரையும் விடுவித்தது. தூக்கு விதிக்கப்பட்டிருந்தவர்களுள் ஒருவர் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சிறையிலிருந்தவாறே கொரோனாவில் இறந்துபோயிருந்தார். மகாராஷ்டிர அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றது. இத்தீர்ப்பைப் பிற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாகாது என்ற உச்ச நீதிமன்றம், விடுதலையானோர் மீண்டும் சிறைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்றும் கூறியது.

படம் வெளிவந்த 2009இல் அந்த மனிதர்கள் சிறையில்தான் இருந்தார்கள். திரையில் கண்ட நால்வரின் இடத்தில் அன்று நாடு முழுவதும் மனத்தில் நிறுத்தி வைத்திருந்தது இவர்களைப் போன்றோரைத்தான். குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் தண்டிக்கப்பட்ட ஆறு பேரில் பலரும் அப்போது உள்ளே இருந்தனர். அவர்களில் மூவர் மரண தண்டனைக் கைதிகள். ஒருவர் ஃபத்வா வழங்கும் முஃப்தி. உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்த நாள் 2014 மே 16. மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான நாளும் அதுவே; ஆகவே செய்தி எவர் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. மொட்டைமாடியில் அமர்ந்த அந்தச் சாமானியர் 2009இல் இவர்களைக் கேட்டிருந்தால்? கொட்டகை அப்போதும் கைதட்டியிருக்கும். தட்டிய எவருக்கும், கொல்லப்பட்டவர்கள் பின்னாளில் விடுதலை பெற வேண்டியவர்கள் என்பது கடைசிவரை தெரிந்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. மும்பை வண்டிகளில் உறவினரை இழந்த குடும்பங்களுக்கு, குண்டு வைத்தது யார் என்ற கேள்விக்கு 19 ஆண்டு கழித்தும் உறுதியான விடை கிடைக்கவில்லை. தவறான ஆளைத் தண்டிக்கும்போது சரியான ஆள் தப்பிவிடுகிறான். முறையான விசாரணை குற்றவாளிக்குச் செய்யும் சலுகை என்று பேசுவோர், கொலையுண்டவரின் குடும்பத்திற்கும் அதுவே ஒரே துணை என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

மாலை வகுப்பில் ஓதும் பன்னிரண்டு வயது மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு நம்மிடம் கேட்டார்: “ஹஜ்ரத், கெட்டவங்களைத்தானே கொன்னார்? அதுல என்ன தப்பு?” அவர் கேட்டது இந்தப் படத்தைப் பற்றித்தான். பிள்ளையின் கேள்வியில் களங்கம் இல்லை. அவரைப் பார்த்து ‘அந்தப் படத்தைப் பார்க்காதே’ என்பது எளிது. ஆனால் அது விடையாகாது. அன்றைக்கு எடுக்க வேண்டிய பாடத்தை நிறுத்தி வைத்து, அன்னிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனத்திலிருந்து தொடங்கும் பகுதியைத் திறந்தோம்.

தஃப்ஸீர் நூல்கள் பல அவ்வசனங்களின் பின்னணியாகக் கூறும் நிகழ்ச்சி இது. மதீனாவில் துஃமா இப்னு உபைரிக் என்பவர் ஒரு கவசத்தைத் திருடினார். திருட்டு வெளிப்படும் நிலை வந்ததும் கவசத்தை ஒரு யூதரின் வீட்டில் சேர்த்துவிட்டுப் பழியை அவர்மேல் போட்டார். துஃமாவின் குலத்தார் கூட்டமாக நபி (ஸல்) அவர்களிடம் வந்து தம் ஆளுக்காகப் பரிந்து பேசினர். பொருள் யூதரின் வீட்டில் கிடைத்திருக்கிறது, பேசுவோர் பலர், எதிரே நிற்பவர் வேற்றுச் சமயத்தார். அந்நாளைய மதீனாவில் இரு சமூகங்களுக்கிடையே நிலவிய மனக்கசப்பையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அந்தச் சூழலில் வஹீ இறங்கியது. மோசடிக்காரருக்காக வாதாட வேண்டாம் எனத் தடுத்தது. செய்த குற்றத்தை நிரபராதியின்மேல் சுமத்துவோர் பெரும் பாவத்தைச் சுமக்கிறார்கள் எனக் கண்டித்தது. ஒரு யூதரின் நிரபராதித்துவத்தை நிலைநாட்டிய அவ்வசனங்களை முஸ்லிம்கள் தொழுகையில் இன்றுவரை ஓதிக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த யூதர் திருடலைன்னு அல்லாஹ் சொன்னான். நமக்கு யார் சொல்வா?” என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் நீதிமன்றம் இருக்கிறது என்றோம். வஹீயின் வாசல் அடைபட்டுவிட்டது. நம்மிடம் இருப்பது சாட்சியும், ஆதாரமும், குறுக்கு விசாரணையும்தான். வழக்கிடுபவரே ஆதாரம் காட்ட வேண்டும் என்பது ஃபிக்ஹின் முதற்பாடங்களில் ஒன்று. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு வழங்காதீர் என்று அலீ (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பும்போது நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது.

அபூதாவூதில் இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. ஜும்ஆ மேடைகளில் அது அதிகம் சொல்லப்படுவதில்லை. நபி (ஸல்) அவர்கள் உரையாற்றிக்கொண்டிருக்கையில் ஒருவர் எழுந்து, தம் அண்டை வீட்டார் எதற்காகப் பிடித்து வைக்கப்பட்டனர் என்று கேட்டார். நபியவர்கள் இருமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் விடவில்லை. இறுதியில், அண்டை வீட்டாரை விட்டுவிடுமாறு நபியவர்கள் உத்தரவிட்டார்கள். அல்லாஹ்வின் தூதர் உரை நிகழ்த்தும் சபையில் எழுந்து ‘ஏன் பிடித்தீர்கள்’ என்று கேட்க ஒருவருக்கு உரிமை இருந்தது, கேட்டவர் தண்டிக்கப்படவுமில்லை. இன்று ஒரு காவல் நிலைய வாசலில் அதே கேள்வியைக் கேட்கத் துணிவோர் நம்மில் எத்தனை பேர்?

இதை முஸ்லிம்களின் தனிப் பிரச்சினையாக மட்டும் பேசுவதில் நமக்கு உடன்பாடில்லை. நாம் வாழும் இந்தச் சமவெளியின் வரலாறே அதற்கு இடம் தரவில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். குடியரசு பிறந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன. 2017 ஜூலையில் பெரியார் பல்கலைக்கழகத்தின் இதழியல் மாணவி ஒருவர், ஹைட்ரோகார்பன் திட்டத்திற்கு எதிரான துண்டறிக்கைகளைச் சேலத்தில் வழங்கியதற்காகக் கைதாகி, குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டார். துண்டறிக்கை கொடுத்த பெண்ணுக்குக் குண்டர் பட்டம்! அந்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் செப்டம்பரில் ரத்து செய்தது. அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

தமிழகம் இன்னும் பெரிய பாடமொன்றையும் கண்டிருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தடா நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. ஒருவருக்கும் குறைந்த தண்டனை இல்லை. அடுத்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. முதல் தீர்ப்பின் மறுநாளே தண்டனையை நிறைவேற்றியிருந்தால் எத்தனை கழுத்துகள் என்று கூட்டிப் பார்க்கக் கணக்கு வாத்தியார் வேண்டாம். வைகோவின் கதை வேறு வகை. 2002இல் பொடா சட்டம் வந்தபோது அவர் கட்சி அதை இயற்றிய கூட்டணியில் இருந்தது. அதே ஆண்டு ஜூலையில், திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக அதே பொடாவில் அவர் கைது செய்யப்பட்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் வேலூர்ச் சிறையில் இருந்தார். கடுமையான சட்டம் யார்மேல் பாயும் என்பதை அதை இயற்றுவோர்கூட முன்கூட்டி அறிய முடியாது.

தடா 1995இல் காலாவதியானது. பொடா 2004இல் திரும்பப் பெறப்பட்டது. அவற்றின் கூர்மையான பகுதிகள் பல, 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்திற்குள், அதாவது உபாவுக்குள், திருத்தங்களாகக் குடியேறிவிட்டன. இச்சட்டத்தில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாட்கள்வரை ஒருவரைக் காவலில் வைக்க இயலும். குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை எனத் தோன்றினாலே பிணை மறுக்கப்படும். 2019 திருத்தத்திற்குப் பின் அமைப்புகளை மட்டுமன்றித் தனி மனிதரையும் பயங்கரவாதி என அரசு அறிவிக்கலாம். வழக்கு முடியப் பத்தாண்டு ஆகும் நாட்டில் பிணை மறுப்பு என்பதே தண்டனைதான். அப்துல் நாசிர் மஅதனி 1998 மார்ச் 31 அன்று கைதாகி, கோவை வழக்கில் குற்றமற்றவர் என 2007 ஆகஸ்ட் 1 அன்று விடுதலையானார். இடையில் ஒன்பது ஆண்டு, நான்கு மாதம். ஒரு காலை முன்னரே குண்டுவீச்சில் இழந்திருந்தவர். 2010இல் பெங்களூரு வழக்கில் மீண்டும் அவர் கைதானார். அவருடைய அரசியலோடு நாம் உடன்படுகிறோமா என்பது தனிக் கேள்வி. விடுவிக்கப்பட்ட வழக்கில் அவர் கழித்த அந்த ஒன்பது ஆண்டுகளை எந்தக் கணக்கில் எழுதுவது?

சினிமாவுக்கே திரும்புவோம். ‘உன்னைப்போல் ஒருவ’னின் நல்ல முஸ்லிம், காவல் அதிகாரி ஆரிஃப். 2013இன் ‘விஸ்வரூபம்’ படத்து நாயகன் விஸாம், இந்திய உளவுத்துறையைச் சேர்ந்தவர். 2022இல் வந்த ‘எஃப்.ஐ.ஆர்.’ படத்தில் இர்ஃபான் அகமது என்ற இளைஞர், பெயராலும் தொழுகையாலும் பயங்கரவாதியோ எனச் சந்தேகிக்கப்படுகிறார். வேலை தேடி அலையும் இடத்தில் அவர் படும் அவமானங்களை அப்படம் உண்மையாகவே காட்டியிருந்தது; பார்த்த நம் இளைஞர் பலர் அதில் தம்மைக் கண்டனர். ஆனால் முடிவில் அவரும் தேசியப் புலனாய்வு முகமையின் இரகசிய ஆளாக வெளிப்படுகிறார். திரையில் ஒரு முஸ்லிம் நிரபராதியாக இருக்க வேண்டுமென்றால் அவர் அரசின் உளவாளியாகவும் இருந்தாக வேண்டும் போலும்! செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைப்பவரும், நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டுபவரும், முட்டை வண்டி ஓட்டுபவரும் வெறுமனே நிரபராதிகள். எந்த அடையாள அட்டையும் அதை நிரூபிக்காது. நிரூபிக்க வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்த நிறுவனத்திலிருந்து வந்தது. அதில் நாயகனும் முஸ்லிம் பெயருடையவன், பேராசைக்கார அண்ணனும் முஸ்லிம் பெயருடையவன், கொள்ளைத் தலைவனும் அப்படியே. நன்மையும் தீமையும் மனிதர்களிடையே பங்கிடப்பட்டிருந்தன. பெயர் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அரபுக் கதைதானே என்பார்கள். இருக்கட்டும், நம் ஊர்ச் சினிமாவுக்கு அது தெரிந்திருந்தது. அண்மைக் காலத்தில் 2021இன் ‘மாநாடு’ வேறு திசையில் ஒரு முயற்சி. முதல்வரைக் கொன்று பழியை ஒரு முஸ்லிம் இளைஞன்மேல் போடச் சதி செய்வது அதில் ஒரு காவல் அதிகாரி. பொழுதுபோக்குப் படம்தான், ஆயினும் பழி எவ்வாறு தயாரிக்கப்படுகிறது என்பதைக் கோடிக்கணக்கான பணம் போட்ட ஒரு தமிழ்ப் படம் காட்டியது சிறிய காரியமன்று.

அப்படியானால் ‘உன்னைப்போல் ஒருவன்’ போன்ற படங்களைத் தடை செய்யக் கோரலாமா? இங்கே நம் சமுதாய அமைப்புகள் சிலவற்றோடு நமக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ‘விஸ்வரூபம்’ வெளியாகவிருந்த 2013 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகளின் கூட்டமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. மாநிலம் முழுவதும் 144ஆம் பிரிவின் கீழ்ப் படத்துக்குத் தடை வந்தது; நம் சேலமும் நாமக்கல்லும் அதில் அடக்கம். ஜனவரி 29 இரவு தனி நீதிபதி தடையை விலக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அதை மீண்டும் நிலைக்கச் செய்தது. பிப்ரவரி 2 அன்று பேச்சு நடந்து, சில காட்சிகளிலும் ஒலியிலும் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்டபின், 7ஆம் தேதி படம் தமிழகத்தில் வெளிவந்தது. எதிர்ப்பவருக்கு எதிர்க்க உரிமை உண்டு. அமைதியாகக் கூடி முழக்கமிடலாம். படத்தைப் பார்க்காதிருக்கும்படி மக்களைக் கேட்கலாம். அதில் நமக்கு ஐயமில்லை. ஆட்சியரிடம் 144 கேட்பது வேறு.

ஏனெனில் அந்த 144 நமக்குப் புதியதன்று. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து மக்கள் கூடுவதைத் தடுக்கப் பெங்களூரில் போடப்பட்டதும் அதே 144தான். அந்த ஆணை சட்டப்படி செல்லாது என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் கூறியது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஆட்சியர் அலுவலகம் நோக்கி மக்கள் நடந்தபோதும் 144 நடைமுறையில் இருந்தது. துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. ‘சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற ஒரு வரியை எழுதி எதையும் நிறுத்தலாம் என்று அரசுக்கு நாமே எடுத்துக் கொடுத்தால், அடுத்த முறை அந்த வரி நம் மீலாது ஊர்வலத்துக்கும் எழுதப்படும், நம் பொதுக்கூட்டத்துக்கும் எழுதப்படும். இப்போது 144 என்ற எண் மாறி, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 163 ஆகிவிட்டது. அதிகாரம் மாறவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை 1989இலேயே ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற அப்படம் இடஒதுக்கீட்டை விமர்சித்தது. அக்கருத்து நமக்கு ஏற்புடையதன்று. ஆயினும் போராட்டம் வெடிக்கும் என்ற அச்சத்தைக் காரணம் காட்டி ஒரு கருத்தை ஒடுக்கக்கூடாது; ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று நீதிமன்றம் நின்றது. நமக்குப் பிடிக்காத படத்திற்கும் அந்த நிழல் வேண்டும். நாளை நாம் எழுதும் நூலுக்கும் அதுவே நிழல்.

ஆகவே தடைக்குச் செலவிடும் ஆற்றலை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்பது நம் கருத்து. நம் மஹல்லாக்களில் நிக்காஹ் பதிவேடு எழுதத் தெரிந்தவர் இருக்கிறார். வாரிசுரிமைப் பங்கு பிரிக்கத் தெரிந்தவர் இருக்கிறார். ஒருவரைக் காவல்துறை அழைத்துச் சென்றால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று தெரிந்தவர் எத்தனை பேர்? அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு, கைதானவருக்குக் காரணத்தைச் சொல்லவும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விடவும் 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தவும் கட்டளையிடுகிறது. கைதின்போது குறிப்பாணை எழுதி, குடும்பத்தினரோ ஊரில் மதிப்புடைய ஒருவரோ அதில் சாட்சிக் கையொப்பமிட வேண்டும் என்பது 1996இன் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. அந்த ‘ஊரில் மதிப்புடைய ஒருவர்’ நம் முத்தவல்லியாகவோ பேஷ் இமாமாகவோ ஏன் இருக்கக்கூடாது? கைதுக்கான காரணங்களை எழுத்தில் தந்தாக வேண்டும் என்று 2024 மே மாதம் உபா வழக்கொன்றிலேயே அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தர வேண்டும். சேலத்திலும் நாமக்கல்லிலும் நீதிமன்ற வளாகத்திலேயே அதன் அலுவலகம் இயங்குகிறது. தொலைபேசி எண் 15100.

வரும் ரமளானில் தராவீஹ் தொழுகைக்குப் பின் ஓரிரு இரவுகளை இதற்கென ஒதுக்கும்படி ஜமாஅத் நிர்வாகிகளை வேண்டுகிறோம். பேசுபவர் முஸ்லிம் வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மேலே சொன்ன மாணவிக்காகவும் மும்பைக் கைதிகளுக்காகவும் வாதாடியவர்கள் பல சமயத்தார். பெண்களுக்குத் தனி அமர்வு கட்டாயம் இருக்கட்டும். நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது ஆண்கள் பெரும்பாலும் லாரியிலோ சந்தையிலோ வெளியூரிலோ இருப்பார்கள். கதவைத் திறந்து, வந்திருப்பவரின் சட்டையிலுள்ள பெயர்ப் பட்டையைப் படிக்க வேண்டியவர் வீட்டிலிருக்கும் தாயாகவோ மனைவியாகவோதான் இருப்பார்.